மாப்பிள்ளையின் கப்பல்

9 பிப்ரவரி 1990, வெள்ளி

காலையிலேயே வெயில். தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. செருப்புக்கு வார் மாற்ற வேண்டும்.

மாப்பிள்ளை வேலை பார்க்கும் கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்கு வந்திருக்கிறது. ஞாயிறன்று பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம். பள்ளியில் வேன் பேசிவிட்டார்கள். ஏற்பாடு தலைமையாசிரியர். எனக்கு ஜூனியர், எனக்கு வரவேண்டிய நாற்காலி. இனி த.ஆ. என்றே எழுதுகிறேன், இது போதும்.

“சாரோட மாப்பிள்ளை ஆபீசரா இருக்காக. நமக்குக் கேப்டன் ரூம்லயே காபி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

தரகர் பேச்சை நம்பி நானே பரப்பிய ஆபீசர். பாய்லர் ரூமில் வேலை என்று முகூர்த்தத்தன்றுதான் தெரிந்தது. கல்யாணம் மாப்பிள்ளை ஊரான திருச்சுழியில், பள்ளிக்காரர் யாரையும் அழைக்கவில்லை, அந்த மட்டும் தப்பித்தேன். அப்புறம் மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. யாராவது கேட்டால் கப்பலைப் பற்றிப் பாடம் நடத்துவேன்: ஃபிரிகேட், கோதாவரி வகை, மூன்று கப்பல், மூன்றுக்கும் நதிப் பெயர், இங்கேயே வரைந்து கட்டியது, இரண்டு ஹெலிகாப்டர் நிற்கும். பாய்லரை மட்டும் விட்டுவிடுவேன்.

மகள் கலாவுக்கு ஏழாம் மாதம், வேன் ஆகாது. கருப்பட்டி மிட்டாய் டப்பா ஒன்று கட்டி வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை கையிலேயே கொடுக்க வேண்டுமாம்.

11, ஞாயிறு

இடுப்பு வலி. பந்தல்குடி தாண்டி வேன் பஞ்சர்.

சாம்பல் நிறக் கப்பல், தெருவையே அடைக்கும் நீளம். ஏணிப்படி முடியும் இடத்தில் மாப்பிள்ளை. தேய்த்த வெள்ளை உடுப்பு, சிப்பாய்களின் வட்டத் தொப்பி. நான் வருவேன் என்று கேட்டு வாங்கிய வேலையாக இருக்கும். என்னைப் பார்த்ததும் சிரித்து, ஓர் எட்டு முன்னால் வந்தார்.

பின்னாலிருந்து த.ஆ.: “எங்க சார் ஒங்க மாப்பிள்ளை?”

“அவுக மேல டூட்டில இருப்பாக. கூப்பிடக் கூடாது.”

நான்தான் சொன்னேன். அவர் காதுபட.

சிரிப்பு நின்றது. விலகி வழிவிட்டார். “படி வழுக்கும் சார். கம்பியப் பிடிச்சுக்கங்க.”

சார். நேற்று வரை மாமா.

பீரங்கி, ஹெலிகாப்டர் கூண்டு, எதுவும் மனதில் இல்லை. எட்டயபுரத்தில் டீக்கு நிறுத்தியபோது பையில் என்ன என்று த.ஆ. கேட்டார். திறந்தேன். ஆளுக்கொன்று எடுத்ததில் டப்பா காலி. நல்ல பதமாம்.

கலா வாசலிலேயே நின்றாள். “குடுத்தீகளாப்பா? என்ன சொன்னாக?”

சந்தோஷப்பட்டார் என்றேன். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள்.

12, திங்கள்

விடிகாலை பஸ்ஸில் மாப்பிள்ளை. ஒரு நாள் லீவு. வாங்க என்றேன். தலையசைத்தார்.

மிட்டாயைப் பற்றிக் கலா கேட்டாள். நான் காபியை ஆற்றத் தொடங்கினேன்.

“நல்லா இருந்துச்சு. கூட இருந்தவுகளே பாதியத் தின்னுட்டாக” என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

பிறகு தண்ணீர் லாரி. அவரே குடத்தை எடுத்தார். வாளியோடு பின்னால் நான். நிறைகுடம் தோளில் ஏறிய நேரம் பாளையம்பட்டிப் பக்கமிருந்து த.ஆ.வின் ஸ்கூட்டர். நின்றது.

“கப்பல்ல படிக்கிட்ட நின்ன தம்பில்ல? இங்க எப்படி?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். காத்திருந்தார். தோளில் தண்ணீர் வழிந்தது. நான் வாளியைக் கை மாற்றினேன்.

“பக்கத்துத் தெரு சார். லீவுல வந்தேன்” என்று அவரே சொன்னார்.

ஸ்கூட்டர் போனது. திரும்பினால் வாசலில் கலா, அடுத்த குடத்தோடு.

குடத்தைப் படியில் வைத்தாள். உள்ளே போய் அவர் துணிகளோடு தன்னுடையதையும் அடுக்கினாள். வளைகாப்பு இங்கே என்றுதானே பேச்சு என்றேன்.

“திருச்சுழியிலயே நடக்கட்டும்ப்பா. அங்க இவுக யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.”

பத்து மணி பஸ்ஸில் போய்விட்டார்கள். லாரியும் போய்விட்டது. படியில் வைத்த குடம் அப்படியே, காலியாக.