கருப்பராயனுக்கு நேர்ந்த குஞ்சு

10.2.1963
மனைவி கருப்பாத்தாளைப் பெருந்துறை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறு நாள். இருமினால் ரத்தம் வருகிறது. இங்கே வீட்டில் நானும் கோழியும் ஐந்து குஞ்சுகளும்தான். பயமாக இருக்கிறது. பனியன் கம்பெனி வேஸ்ட் துணியை மஞ்சளில் நனைத்து, தீனிக்கு முதலில் பாய்கிற கறுப்புக் குஞ்சின் காலில் கட்டினேன். அவள் பிழைத்து வந்தால் இந்தச் சேவல் கருப்பராயன் சாமிக்கு. இவ்வளவு துடுக்கு சேவலுக்குத்தான் வரும்.

3.3.1963
ஞாயிறுதோறும் பெருந்துறை பஸ். கறுப்புக் குஞ்சை நேர்ந்ததை இன்று அவளிடம் சொன்னேன். “கூவுச்சுன்னா வந்து சொல்லுங்க. அப்பறம் எனக்குச் சரியாயிருமுங்க” என்றாள்.

21.4.1963
மற்ற நான்கு குஞ்சுகளில் இரண்டுக்குக் கொண்டை சிவந்துவிட்டது. கால் தடித்து, கழுத்து இறகு கூராக மினுங்குகிறது. கறுப்புக்குக் கொண்டை வெளிறிக் கிடக்கிறது, காலும் மெலிசு. பக்கத்து வீட்டு மயிலாளக்கா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். “இது பொட்டைங்க தம்பி. துள்ளறதைப் பாத்தா நேருவாங்க? ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாமுங்களே?”
பொறுத்திருக்கலாம். பொறுக்கிற நிலையிலா இருந்தேன்?

22.4.1963
வேறு சேவல் தரட்டுமா என்று கோயில் பூசாரி வெள்ளையனிடம் கேட்டேன். “சாமிகிட்ட இதுன்னு காட்டுனா அதுதானுங்க. மாத்தக்கூடாது. பொட்டையை இங்க அறுக்கறதுமில்லீங்க.” அப்போ நான் என்னதான் பண்றது?

12.5.1963
“கூவுச்சுங்களா?” என்று கேட்டாள். கூவியது என்றேன். தலையணையிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அட பாவி, என்ன காரியம் பண்ணிட்டே.

7.7.1963
அவள் எடை இன்னும் இறங்கியிருக்கிறது. வீட்டில் இரண்டு சேவலும் போட்டி போட்டுக் கூவுகின்றன. கறுப்பு சும்மா மண்ணைக் கிளறுகிறது. கழுத்தைத் திருகிவிடலாம் என்று கை போயிற்று. கருப்பராயா, மன்னித்துக்கொள்.

18.8.1963
கறுப்பு முட்டையிட ஆரம்பித்துவிட்டது. முட்டை கொடுங்கள் என்று டாக்டரும் சொல்லியிருந்தார், அவித்துக் கொண்டுபோனேன். “எந்தக் கோழிதுங்க?” என்றாள். “கறுப்பு—” என்று வாய் தவறி வந்துவிட்டது. குனிந்து முட்டையை உரித்துக் கொடுத்தேன்.
“கூவுச்சுன்னு சொல்லிப்போட்டு அழுதீங்களே, அன்னைக்கே தெரியுமுங்க” என்றாள். முட்டையைப் பிட்டுப் பாதியை என் கையில் வைத்தாள். நான் தின்னும்வரை அவள் வாயில் வைக்கவில்லை.

1.9.1963
அவளுக்கு முட்டை இறங்கவில்லை. கஞ்சித் தண்ணீர் மட்டும்.

29.9.1963
கறுப்பு அடைக்கு உட்கார்ந்துவிட்டது. மயிலாளக்கா கூடையில் மணல் பரப்பிக் கொடுத்தார். அவள் போனதிலிருந்து இரண்டு வாரமாக அரிசிப் பானையில் கிடந்த ஒன்பது முட்டையையும் அதற்கு வைத்துவிட்டேன். இன்று ஞாயிறு. பெருந்துறை பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை.