சாம்பல் புதனுக்கு முந்திய விருந்து

மைனி,

காலையில் ஒரு வாளித் தண்ணீரில் எலுமிச்சம்பழங்களை நறுக்கிப் போட்டேன். மத்தியானம் ஆட்கள் சாப்பிட வருகிறார்கள். மீன் தின்ற கையைக் கழுவுவதற்கு. வாசனை எழுந்ததும் அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் மாடி வீட்டில், நண்டு தின்ற கையோடு சோப்பைத் தேடுகிறவர்களைப் பார்த்து நீங்கள் போடும் சத்தம் காதில் விழுந்ததுபோல் இருந்தது. "ஏளா, சோப்பு போடாத. இம்புட்டு நேரம் தின்ன ருசி கையில கொஞ்சம் இருக்கட்டும்!"

அண்ணனைக் கட்டி நீங்கள் வந்த பிறகுதான் எங்கள் குடும்பத்துக்கு விருந்து என்றால் என்னவென்று தெரிந்தது. அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். ஆட்களைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவன். நீங்களோ, புது மிக்ஸி வாங்கினால் விருந்து, பக்கத்து வீட்டுப் பெண் பாஸானால் விருந்து. தூத்துக்குடியில் அபூர்வமாக மழை பெய்தால் அதற்கும் ஒரு விருந்து. "ஆளு வந்தாத்தான்ளா அது வீடு. இல்லைன்னா குடோன்" என்பீர்கள்.

நீங்கள் இருந்த கடைசிப் புத்தாண்டைத்தான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். பூசை முடிந்து எல்லோரும் மாடிக்கு வந்திருந்தோம். பால்கனிப் பக்கம் கிடந்த பிரம்பு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வயதானவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அந்த உச்சி வெயிலிலும் தலைமுடி ஈரமாகப் படிந்திருந்தது. யாராவது பேசினால் காதைச் சாய்த்துக் கேட்டார். அண்ணனோடு வேலை பார்த்தவர் என்று நான் நினைத்தேன். காது மந்தத்தைப் பார்த்து, கடலில் மூழ்கிச் சங்கு குளித்துக் காது போனவர், உங்கள் அப்பாவின் சேக்காளி என்று அண்ணன் நினைத்தான். கீழ்வீட்டு ஆள் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். நீங்கள் எதுவும் யோசிக்கவில்லை. தட்டு நிறையப் போட்டுக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தீர்கள்.

அவர் நிதானமாகச் சாப்பிட்டார். முடித்ததும் உங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பு சரியா இருக்கு தாயி. அடுத்த விருந்து எப்போ?"

"ஈஸ்டருக்குத்தான் அண்ணாச்சி. கண்டிப்பா வந்திரணும்."

"அதுக்கு முன்னாடியே இங்கன ஒண்ணு இருக்கு. அதுக்கு வாரேன்."

எழுந்து கை கழுவிவிட்டுப் போய்விட்டார். பாத்திரங்களை ஒதுக்கும்போதுதான் அண்ணனிடம் கேட்டீர்கள், "அந்த அண்ணாச்சி யாரு, ஒங்க ஹார்பர் ஆளா?" அண்ணன் விழித்தான். "ஒங்க அப்பா கூட்டாளின்னுல்லா நெனச்சேன்." ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. "சாப்பாட்டு வாசனைக்கு ஏறி வந்திருப்பான்" என்று அண்ணன் சிரித்தான். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் மட்டும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதன்பிறகு ஒருநாள் என்னைப் போனில் கூப்பிட்டீர்கள். "ஏளா, அந்தாளு பேச்சு மனச அரிக்கு. நாமளே முந்திக்கிடுவோம். சாம்பல் புதனுக்கு முன்னாடி ஒரு விருந்து வச்சிருவோம். அந்தாளு சொன்னது நடந்த மாதிரி ஆயிரும். பெறகு தவக்காலம். அதுல எவ விருந்து வைக்கப் போறா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். ஆனால் அந்தச் சிரிப்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

திரேஸ்புரம் கடற்கரைக்கு நீங்களே போய் நண்டும் சீலா மீனும் வாங்கி வந்தீர்கள். பழையபடி எல்லோரும் வந்தார்கள். ஆனால் அன்றைக்கு விருந்து விருந்தாக இல்லை. படியில் காலடி கேட்டபோதெல்லாம் பேச்சு நின்றது. ஒரு தடவை பால்காரர். ஒரு தடவை கீழ்வீட்டு அக்கா, உப்பு கேட்டு. கூட்டம் நெரிந்தும் பிரம்பு நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு மூடி, அதன் பக்கத்தில் வைத்திருந்தீர்கள். வெயில் தணிந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. நீங்கள் என் அருகில் வந்து மெல்லச் சொன்னீர்கள்.

"வரலியேளா."

"வராட்டா போகட்டும் மைனி. நல்லதுதானே?"

"வாரேன்னு சொன்ன ஆளு வரல. அப்போ இது அந்த விருந்து இல்ல."

உங்கள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது, கணக்கு புரிந்துவிட்ட குழந்தையின் முகம்போல. பிறகு மூடியிருந்த தட்டைத் திறந்து என் வீட்டுக்காரர் கையில் திணித்தீர்கள். "ஏலே, பாட்டக் கூட்டி வைங்க!" என்று கத்தினீர்கள். முட்டு வலியோடு அண்ணனை இழுத்துப்போய் நடு வீட்டில் ஆடினீர்கள். அவன் வெட்கத்தில் நெளிந்தான். அவன் ஆடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தவக்காலம் தொடங்கியது. நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. இனி ஈஸ்டர்வரை யார் வீட்டிலும் கறி கிடையாது, கூட்டம் கிடையாது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஈஸ்டர் வருமுன்னே ஒரு மத்தியானம் அண்ணன் போன் செய்தான். துணியை மடித்து வைத்துவிட்டுப் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுதான் நின்றுபோயிருக்கிறது என்றார் டாக்டர்.

அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கு உறவுக்காரர்கள் சோறாக்கினார்கள். பருப்பு, ரசம், அப்பளம். உங்கள் மாடியில், உங்கள் தட்டுகளில் நான் பரிமாறினேன். அப்பள வாளியோடு திரும்பியபோது பார்த்தேன். பிரம்பு நாற்காலியில் வெள்ளைச் சட்டை. ஈரத்தலை.

அதற்குள் அண்ணனும் பார்த்துவிட்டான். "அந்த ஆள வெளிய போகச் சொல்லு. இல்லைன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது" என்று எழுந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். "இது மைனி வீடு. சாப்பிட உக்காந்த ஆள அவிய எழுப்பிவிட மாட்டாவ." அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துப் போனேன். நாலெட்டு தூரம் அன்றைக்கு நடந்து தீரவில்லை. அவர் வாங்கிக்கொண்டார். ரசத்தைப் பிசைந்து கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் எதுவும் கேட்கவில்லை மைனி. ஆனாலும் அவர் மெதுவாகக் கேட்டார்:

"அடுத்தது எப்போன்னு ஒனக்குத் தெரியணுமா தாயி?"

தெரிந்துகொள்ள ஆசை வந்தது. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். தொண்டைவரை வந்துவிட்டது அந்தக் கேள்வி. யார் வீட்டில், யாருக்கு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். "இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கட்டா?"

அவர் தட்டின்மேல் கையை விரித்து மூடினார். போதும் என்பதற்கா, நல்லது என்பதற்கா, தெரியவில்லை. படியிறங்கிப் போனார். அண்ணன் பின்னாலேயே ஓடினான். படியடியில் மாலை கட்டிக்கொண்டிருந்த பூக்காரப் பெண்ணிடம் கேட்டான். "யாரும் எறங்கலியே" என்றாள் அவள். தெரு கடற்கரைச் சாலைவரை நேராகக் கிடந்தது. அதில் ஒரு ஆள் இல்லை.

பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. அண்ணன் அந்த வீட்டைக் காலிசெய்துவிட்டு என்னோடு வந்துவிட்டான். இப்போது விருந்துகள் என் வீட்டில். "இத்தன நடந்தும் ஒனக்கு ஆளுகளக் கூப்புட எப்படிளா தைரியம் வருது?" என்று அவன் ஒருநாள் கேட்டான். தைரியம் என்று ஒன்றும் இல்லை மைனி. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கரண்டி பாதியில் நின்றுவிடுகிறது. ஆனால் இது அந்த விருந்து இல்லை என்று தெரிந்த நொடியில் நீங்கள் பாட்டைக் கூட்டி வைக்கச் சொன்னீர்கள். அதைப் பார்த்தவள் நான். பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்ள இனி என்னால் முடியாது.

அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கதவு விரியத் திறந்துகிடக்கும். பந்தி நிறைந்ததும் நான் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வேன். எனக்கு முன்னால் சாப்பிடுகிற முகங்களை மட்டும் பார்த்துப் பரிமாறுவேன். பின்னால் யாராவது வந்து நிற்பதுபோல் தோன்றினாலும், அது அவர்தானா என்று திரும்பிப் பார்க்கமாட்டேன். "வாங்க, உக்காருங்க" என்று மட்டும் சொல்வேன்.