உறவு இல்லை என்று எழுதித் தரும்படி கேட்கப்பட்டது தொடர்பாக

அனுப்புநர்:
சலோமி நுத்தாராக்,
ஊர்ப் பயிற்சி அலுவலர்,
தேர்வுக் குழுவின் உள்ளூர் உறுப்பினர்,
சிகுவிக் குடியிருப்பு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பயிற்சிப் பிரிவு,
வடகரை மின்வாரியம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: மின்நிலைய ஆபரேட்டர் பயிற்சி – சிகுவிக் குடியிருப்புக்கான இடம் – செல்வி துலுகாக் எவாலுக் நீக்கப்பட்டது – உறுதிமொழிப் பத்திரத்தில் ஒரு சொற்றொடரை எடுத்துவிடக் கோருதல் – என் மீது நானே அளிக்கும் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

துலுகாக் எவாலுக் எனக்கு உறவா? தங்கள் அலுவலகம் இதைக் கேட்டு, பதிலைக் கையொப்பமிட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறது. எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத ஒருத்தி மனு எழுதுவது முறையல்லதான். ஆனால் பத்திரம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் வந்து சேராவிட்டால் எங்கள் ஊருக்கு ஒதுக்கிய பயிற்சி இடம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று தங்கள் கடிதம் சொல்கிறது. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

1. எங்கள் ஊர் முழுவதற்கும் ஒரே டீசல் மின்நிலையம். அதைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே குடியிருக்கும் ஆபரேட்டர் கிடையாது. தெற்கிலிருந்து ஒருவர் வருவார், மூன்று வாரம் இருப்பார், அடுத்தவர் வந்ததும் போய்விடுவார். சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒருவர் கிளம்பிப்போன பிறகு, அடுத்தவர் பனிப்புயலில் வழியிலேயே மாட்டிக்கொண்டார். அன்று மின்சாரம் நின்றது, அதோடு வீட்டுக் கணப்புகளும் நின்றன. ஊரே பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் படுத்தது. வீடு திரும்பியபோது பல வீடுகளில் குழாய்கள் உறைந்து வெடித்திருந்தன. இரண்டு குடும்பங்கள் இன்னும் மற்றவர் வீட்டுக் கூடத்தில்தான் தூங்குகின்றன. இனி ஊர்க்காரர் ஒருவரையே பயிற்றுவித்து இங்கே அமர்த்துவது என்று வாரியம் முடிவு செய்ததற்கு நாங்கள் அனைவரும் நன்றியுடையோம்.

2. எங்கள் ஊரிலிருந்து இருவர் தேர்வு எழுதினர். ஒருவர் பவ்லூசி. கணக்குத் தாளில் அவர் தேறவில்லை. அதைப்பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை. "டீயும் பிஸ்கட்டும் தர்றாங்கன்னாங்க, போனேன்" என்று அவரே சொல்லித் திரிகிறார். மற்றவர் துலுகாக். இருபத்துமூன்று வயதுப் பெண். இவ்வட்டாரத்தில் தேர்வு எழுதிய எல்லாரிலும் முதலாவதாக வந்தவள். அவள் பெற்றோர் அவளைப் பையன்போல வளர்த்தார்கள். அதற்கான காரணம் நான்காம் பத்தியில் வரும்.

3. தேர்வுக் குழு தொலைபேசியில் கூடியது. தலைவரும் மற்றோர் உறுப்பினரும் தலைமை அலுவலகத்தில் இருந்தார்கள், நான் இங்கே. தேர்வர்களில் யாரேனும் உறுப்பினர்களுக்கு உறவினரா என்று தலைவர் வழக்கம்போலக் கேட்டார். மற்ற உறுப்பினர் இல்லை என்றார். நான், "ஒருத்தர் எங்க அப்பா" என்றேன்.

"உங்க அப்பா பரீட்சை எழுதியிருக்காரா?"

"ஆமா."

"அவருக்கு என்ன வயசு?"

"இருபத்துமூணு."

தலைவர், "லைன் சரியில்லைன்னு நினைக்கிறேன். கொஞ்சம் மறுபடி சொல்லுங்க" என்றார்.

4. நான் விளக்கினேன். தங்களுக்கும் விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். என் தந்தை துலுகாக் இறந்தபோது நான் தெற்கே பல்கலைக்கழகத்தில் இருந்தேன். சில வாரங்கள் கழித்து என் தாய் தொலைபேசியில் அழைத்து, "உங்க அப்பா வந்துட்டார். மூணரை கிலோ இருக்கார். இந்தத் தடவை பொண்ணு" என்றார். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் ஊலாயுக் என்பவருக்குப் பிறந்த குழந்தைக்கு என் தந்தையின் பெயரை வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் இரத்த உறவில்லை, கொண்டு கொடுத்த உறவும் இல்லை. ஆனால் எங்கள் வழக்கப்படி பெயரோடு உறவும் சேர்ந்து வருவதால், அன்றிலிருந்து அந்தக் குழந்தை எனக்கு அப்பா. நான் அவளுக்கு மகள். என் தாய்க்கு அவள் வீட்டுக்காரர். ஆண் ஒருவரின் பெயரைச் சுமப்பதால் இன்ஜினும் துப்பாக்கியும் அவள் கைக்கு வந்தன.

5. பெயரோடு மனிதரும் திரும்பி வருகிறார் என்று நான் நம்புகிறேனா என்றால், நம்பவில்லை. படித்த படிப்பு அப்படி. எனினும் நம்பாமலே இருபத்துமூன்று ஆண்டுகளாக அவளை அப்பா என்றுதான் அழைத்துவருகிறேன். ஐந்து வயதில் அவள் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "மகளே, பூட்ஸ் ஈரமா இருக்கு பாரு, கழட்டு" என்று அதட்டியிருக்கிறாள். நானும் கழற்றியிருக்கிறேன். அவள் முதன்முதலாகக் கடல்நாய் வேட்டையாடியபோது இறைச்சியில் நல்ல பங்கு என் வீட்டுக்கு வந்தது. என் மணவாழ்க்கை முறிந்த ஆண்டில் என்னிடம் ஒன்றும் கேட்காமல், வாரம் முழுக்கச் சாயங்காலங்களில் வந்து என் பனிவண்டியைப் பிரித்து, திரும்பவும் பூட்டிக்கொண்டிருந்தாள். வண்டியில் பழுது எதுவும் இருக்கவில்லை. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. நம்பிக்கை இல்லாத இடத்தில் இதற்கெல்லாம் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

6. என் மீதான புகார் இங்கே தொடங்குகிறது. நான் விளக்கி முடித்ததும் லைனில் யாரோ சிரித்தார்கள். யார் என்று தெரியாது. கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாகவும் சொல்லமாட்டேன். யாருக்கும் வரக்கூடிய சிரிப்புதான். தலைவர் உடனே மரியாதையாக, "அப்ப உண்மையான உறவு எதுவும் இல்ல, அப்படித்தானே? இல்லைன்னே போட்டுக்கறேன்" என்றார். எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். நான் "சரி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது: "அவ எங்க அப்பா. அப்படியே எழுதிக்குங்க."

அதை நேர்மையால் சொன்னேன் என்று என் அலுவலகத்தில் சிலர் பாராட்டினார்கள். உண்மை அதுவல்ல. அந்தச் சிரிப்பும், "உண்மையான" என்ற சொல்லும் எனக்குச் சுருக்கென்று தைத்தன. இருபத்துமூன்று ஆண்டுகளில் ஒருநாளும் நான் முழுதாக நம்பாத ஒன்றை, தெற்கத்தியார் இருவர் வாயை அடைப்பதற்காக உறுதியாகச் சொன்னேன். என் வீம்பு அது. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை.

7. உள்ளூர் உறுப்பினர் இல்லாமல் குழு செல்லாது. ஆகவே உறவு இருப்பதாகக் கூட்டத்தில் தெரியவந்தால் உறுப்பினர் விலகுவதில்லை, தேர்வரே நீக்கப்படுவார். துலுகாக் அப்படித்தான் நீக்கப்பட்டாள். இந்த விதி எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. விதிப் புத்தகத்தை எங்கள் மொழியில் பெயர்த்தவளே நான்.

8. செய்தி ஊரில் பரவியது. கூட்டுறவுக் கடையில் பால்பவுடர் வாங்கப் போனபோது காசாளர் மிக்கியூ, வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "பெத்த அப்பன் வேலைக்கே உலை வச்ச மக வர்றா, வழி விடுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் மீதிச் சில்லறையை வாங்கவில்லை என்று தெரிந்தது, திரும்பிப் போகவில்லை. என் தாயிடம் சொன்னேன். "இதுல என்ன புதுசு? உசுரோட இருந்தப்பவும் அந்த மனுஷன் ஒரு வேலையில நிலைச்சாரா?" என்று கேட்டுவிட்டுத் தையலைத் தொடர்ந்தார். ஆனால் அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

துலுகாக்கைப் பெற்றவரான ஊலாயுக் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாரம் அவர் வீட்டில் கரிபு மான் இறைச்சி பங்கிட்டபோது என் பங்கு வழக்கம்போல வந்தது. அதைத் திருப்பி அனுப்பியிருந்தால், இரண்டு சொல் திட்டியிருந்தால், எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும். இறைச்சி இன்னும் வெளித்திண்ணையில் உறைந்து கிடக்கிறது. வெட்ட மனம் வரவில்லை.

துலுகாக் சொன்னது இவ்வளவுதான்: "விடு மகளே. நீ பொய் சொல்லலையே." அது எனக்கு ஆறுதலாக இல்லை. நான் எதற்காக அப்படிச் சொன்னேன் என்பதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. தங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். தங்களை நான் நேரில் பார்த்ததில்லை என்பதால் இது எளிதாக இருக்கிறது.

9. தங்கள் அலுவலகம் இரக்கத்தோடு ஒரு வழி காட்டியிருக்கிறது. நான் உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பமிட்டால் துலுகாக் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுவாள். திங்கட்கிழமை விமானத்தில் பயிற்சிக் கல்லூரிக்குப் புறப்படலாம். பத்திரத்தில் உள்ள வாசகம்: "மேற்படி தேர்வருக்கும் எனக்கும் இரத்தத்தாலோ, திருமணத்தாலோ, தத்தெடுப்பாலோ, வேறு எவ்வகையிலுமோ உறவு இல்லை, முன்பும் இருந்ததில்லை."

முதல் மூன்றுக்கும் இப்போதே கையொப்பமிடுகிறேன். அவை உண்மை. "வேறு எவ்வகையிலுமோ" என்ற இடத்தில் என் கை நின்றுவிடுகிறது. நம்பாதவள் கையொப்பமிட வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். நானும் மூன்று நாட்களாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் நம்பாவிட்டாலும் அவள் நம்புகிறாள். என் பனிவண்டியைப் பிரித்துப் பூட்டிய கையைப் பார்த்து, நீ எனக்கு எதுவுமில்லை, எப்போதும் எதுவுமாக இருந்ததில்லை என்று அரசாங்க முத்திரையின்கீழ் எழுதச் சொல்கிறீர்கள். ஒருமுறை என் வீம்புக்காக அவளை அப்பா என்றேன். இப்போது அவள் வேலைக்காக இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டு முறையும் பேசுவது நான், இழப்பது அவள்.

10. ஆகவே கோருவது:

பத்திரத்திலிருந்து "வேறு எவ்வகையிலுமோ" என்ற சொற்களை இந்த ஒரு தேர்வருக்காவது எடுத்துவிட வேண்டும். அது இயலாதெனில், கூட்டம் நடந்த தேதியிலிருந்தே என்னைக் குழுவிலிருந்து நீக்கியதாகக் கொண்டு, ஊராட்சி வேறொருவரை நியமிக்கவும், அவரைக் கொண்டு துலுகாக்கின் தாளை மீண்டும் பார்க்கவும் உத்தரவிட வேண்டும். கூட்டத்தில் நான் நடந்துகொண்ட விதத்துக்காக என் மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், மறுப்பு எழுதமாட்டேன்.

எங்கள் ஊருக்கு ஆபரேட்டர் வேண்டும். அந்த வேலைக்கு அவள் தகுதியானவள். நடுவில் குறுக்கே விழுந்து கிடப்பது நான் ஒருத்தி மட்டுமே. என்னைத் தாண்டிப் போக ஒரு வழி செய்து தருமாறு தங்களைப் பணிந்து வேண்டுகிறேன்.

இடம்: சிகுவிக்
நாள்: 10 ஏப்ரல் 2019, புதன்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்) சலோமி நுத்தாராக்

பின்சேர்க்கை – 11 ஏப்ரல் 2019, வியாழக்கிழமை

மேற்படி மனுவை நேற்று மாலை மின்னஞ்சலில் அனுப்பினேன். இன்று நடந்ததையும் அதே கோப்பில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பத்திரம் எல்லா ஊர்களுக்கும் பொதுவானது, திருத்த இயலாது. குழுவை முன்தேதியிட்டு மாற்றவும் விதியில் இடமில்லை என்று இரண்டு வரிகள் இருந்தன. குறை சொல்வதற்கில்லை. அந்த விதி அப்படித்தான் இருக்கிறது.

மதியம் துலுகாக் அலுவலகத்துக்கு வந்தாள். பதிலைக் காட்டினேன். என்ன நடந்தது, அன்று நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவள் நின்ற இடத்திலேயே நின்று கேட்டாள். பிறகு, பத்திரத்தில் உள்ளதை எங்கள் மொழியில் படிக்கச் சொன்னாள். படித்தேன். கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை கேட்டாள்.

எங்களிடையே உறவுள்ளவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவள் வாயிலிருந்து என் பெயரை நான் கேட்டதே இல்லை.

"கையெழுத்துப் போடுங்க, சலோமி" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் தெரியவில்லை. பேனாவை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "பொய்யா எழுதுனோமேன்னு நீங்க மறுபடி உக்காந்து வருத்தப்படக் கூடாது. இனிமே இப்படியே கூப்பிட்டுக்கலாம்" என்றாள்.

கையொப்பமிட்டேன். அவள் நன்றி சொன்னாள். ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"சரி, துலுகாக்" என்றேன். என் தந்தையின் பெயரைச் சொல்லி நான் ஒருவரை அழைத்தது அதுவே முதல் முறை.

பத்திரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. நான் கையொப்பமிட்டபோது அது பொய்யாக இருந்தது. அவள் அறையை விட்டுப் போனபோது, "முன்பும் இருந்ததில்லை" என்பதைத் தவிர மற்றதெல்லாம் உண்மையாகிவிட்டது.

(ஒப்பம்) சலோமி நுத்தாராக்