லண்டன் நேரத்து மழை

அன்புள்ள முத்துத்தாய்க்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் பாதியிலேயே நம் மகன் அசோக்குமாரிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

இணையத்தில் கிடைக்கும் வானிலைக் கோப்புகளைப் பிரித்துப் படிக்கும் மென்பொருளை என் பழைய லேப்டாப்பில் நானே ஏற்றிவிட்டேன். பலமுறை அழித்து ஏற்றிய பிறகே கோப்பு திறந்தது. இங்கே நாக்பூர் முறுக்குக் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் கருத்தக்கண்ணன், "அண்ணே, முறுக்கு புழியிற மாதிரி மேகத்தையும் புழிஞ்சுருவீக போலயே!" என்று சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

போன வாரம் சாயங்காலம் மழை என்றேன். வரவில்லை என்று தார்ப்பாயை எடுத்துவிட்டீர்கள். இரவில் பெய்து நெல் நனைந்தது. கோப்பில் இருப்பது லண்டன் நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அதைப் பெரிய எழுத்தில் போடாதது கோப்பைத் தயாரித்தவர்கள் தப்பு.

இப்போது கூட்டித்தான் சொல்கிறேன். நாளை இரவு நம் உசிலம்பட்டிப் பக்கம் மழை. மிச்ச நெல்லை மூடி வை. போனில் வெயில் காட்டுகிறது என்பான் அசோக்குமார். கேட்காதே.

மாவு மெஷினைப் போட்டுவிட்டார்கள், போகிறேன். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நீயே கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி. அவன் சொன்னால் நம்ப மாட்டேன்.

ஒச்சப்பன்