பெயின்றுக்குக் கீழே பலா

ஞாயிறு, இரவு

இந்த ஃபிளாற்றுக்கு வந்தபோதே நீலப் பெயின்றோடு கிடந்த மேசை. பொங்கலுக்குச் சுவருக்கு அடித்து மிஞ்சுகிற பெயின்றையெல்லாம் அதன்மேல்தான் பூசுவோம். “உந்த மேசையை எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கும்” என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நேற்றுப் பல்கனியில் வைத்துத் தேய்க்கத் தேய்க்க மேலே பூசிய பச்சை போனது, நீலமும் போனது, அடியில் தேன் நிறத்தில் பலா மரம். காலையில் வார்னிஸ் அடித்ததும் அதன் வரிகள் தண்ணீர்போல ஓடின. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் இவர் கடற்கரையில் நடக்கப் போன நேரம் மேசையை உள்ளே இழுத்துவந்து போட்டேன்; திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இது எங்கட மேசையோ?”

“ஓம்.”

தேநீரைக் கொடுத்தேன். எப்போதும் அந்த மேசையில் வைக்கும் கோப்பையை இன்று தரையில் வைத்தார்.

நானும் இதை மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன்.