இன்னும் ஆறு சுவர்

களுதாவளை,
19.06.2025

அன்புள்ள கேதீஸ்வரிக்கு,

பிள்ளையார் கிருபையால் நானும் நிருஷாவும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, கால் வீங்காமல் இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். நான் கடிதம் எழுதுவதை நினைத்து உனக்குச் சிரிப்பு வரும். கல்யாணத்துக்கு முன்பு ஒரே ஒரு கடிதம் எழுதி, அதிலும் உன் பேரைப் பிழையாக எழுதியவன் நான். இந்த முறை சரியாக எழுதியிருக்கிறேன், மேலே பார்த்துக்கொள்.

போனில் சொல்லலாமே என்பாய். உன் மேடம் வெள்ளிக்கிழமைகளில் தரும் கால் மணித்தியாலத்தில் போன் மகளின் காதில்தான் இருக்கிறது. என் முறை வரும்போதும் என் மடியில் ஏறி இருந்து போனுக்கு மற்றப் பக்கத்தில் காதை ஒட்டிக்கொள்கிறாள். இது அவளை வைத்துக்கொண்டு சொல்லும் விசயம் இல்லை. மகளுக்குப் படிப்பிக்கும் ஸுஹைனா டீச்சரின் சாச்சி, அதுதான் அவவின் சின்னம்மா றமீஸா, லீவில் காத்தான்குடிக்கு வந்திருக்கிறா. சனிக்கிழமை திரும்பவும் குவைத்துக்குப் போகிறா. அவவின் கையில் இந்தக் கடிதத்தையும், காயவைத்த கூனி இறால் ஒரு பையும் கொடுத்துவிடுகிறேன். இறால் மணம் மேடத்தின் மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்வது உன் கெட்டித்தனம்.

போன வெள்ளிக்கிழமை நீ ஒன்று கேட்டாய். அடுத்த மாதம் முதலாந் திகதி மேடம் நீட்டும் கடுதாசியில் கையெழுத்து வைத்தால் இன்னும் இரண்டு வருசம் அந்த வீட்டு வேலை, வைக்கவா வேண்டாமா என்று. வீடு பாதியில் நிற்கிறதே என்றும் நீயே சொன்னாய். நான் உன் விருப்பம் என்றேன். மகள் பக்கத்தில் இருந்தாள், வேறு என்ன சொல்ல? ஆனால் அது என் மனதில் இருந்து வந்த சொல் இல்லை, கேதீஸ். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு கடுதாசி. அதற்கு முன்பு மகளின் பள்ளிக்கூட முகாமில் நடந்ததைச் சொல்லவேண்டும். நீ பயந்துவிடுவாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. இப்போதும் வாசற்படியில் இருந்து உப்புத் தூள் போட்டு மாங்காய் தின்கிறாள்.

நாலாம் ஆண்டுக்கு வந்ததில் இருந்து அவள் பெரிய ஆள். நான் ஆத்துக்குப் போறன் என்றால், அது ஆறு இல்ல அப்பா, வாவி என்கிறாள். சுற்றாடல் பாடத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். இருபது வருசமாக எங்கே வலை போடுகிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. இந்தத் தவணை அளவைப் பாடம் தொடங்கியது. ஸுஹைனா டீச்சர் பிள்ளைகளை அடிமட்டமும் நூலும் கொண்டுவரச் சொல்லி மேசை, கதவு, கரும்பலகை எல்லாவற்றையும் அளக்க வைத்தா. அதோடு நம்முடைய வீட்டில் அளக்காத சாமான் இல்லை. மத்தியானம் படுத்திருந்த என்னையும் அளந்தாள். நூற்று அறுபத்தொரு சென்ரிமீற்றர். நான் உன்னிடம் சொல்லி வைத்ததைவிடக் குறைவுதான், இனி மாற்ற முடியாது. அவளுடைய தலையை இன்னும் நான்தான் இழுத்துப் பின்னுகிறேன். வகிடு கோணல் என்று பக்கத்து வீட்டில் இருந்து அக்கா தினமும் ஏசுகிறா.

முகாம் போன சனியும் ஞாயிறும். ஆற்றுக்கு அங்காலே படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூட வளவில் வைத்தார்கள். நாலாம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் நாற்பது பேர், டீச்சரும் கூடப் போனா. நிருஷா ஒரு கிழமைக்கு முன்பே பையைக் கட்டிவிட்டு, பிறகு பல் துலக்கும் பிரஷ்ஷை எடுக்க அதை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். சனிக்கிழமை முழுக்க முடிச்சுப் போடவும் கூடாரம் கட்டவும் பழக்கியிருக்கிறார்கள். ஞாயிறு காலையில் விளையாட்டு நடத்த வெளியில் இருந்து ஒரு சேர் வந்தார். ஹற்றன் பக்கத்தவர், இளம் ஆள். வந்தவுடன் கரையில் நிற்கும் கண்ணா மரங்களைக் காட்டி, இவை கண்டல் தாவரங்கள் என்று பாடம் எடுத்தாராம். நம்முடைய பிள்ளைகள் கண்டல் என்று கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். எங்கட ஊரில் இது கண்ணா என்று ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. சேரைத் திருத்துகிற துணிவு ஆருக்கு வரும்?

அந்தச் சேர் பாடம் எடுக்கும்போது பிள்ளைகளே என்பார். விளையாட்டு என்று வந்துவிட்டால் அவருக்குப் பெண்பிள்ளையும் கண்ணா, பொடியனும் கண்ணா. அவர்கள் ஊரில் செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தானாம். பின்னேரம் ஒளித்துப் பிடித்து விளையாட்டு. மூன்று விசில் கேட்டால் வெளியே வரவேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வரக்கூடாது, அது ஏமாற்று. இதுதான் சட்டம். எல்லாரும் ஓடி ஒளிய, நம்முடைய மகள் இடம் கிடைக்காமல் நடுவில் நின்று, எங்க சேர் ஒளியிற என்று கேட்டிருக்கிறாள். அவர் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தாங்கியைக் காட்டி, அங்க கண்ணா, அங்க, ஓடு என்றார். தாங்கிக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கண்ணாக் காடு. சேர் சொன்னால் தட்டாத பிள்ளை, தாங்கியைத் தாண்டி நேரே கண்ணாவுக்குள் போய்விட்டாள்.

தேத்தண்ணிக்கு எண்ணிப் பார்த்தபோது ஒரு தலை குறைவு. டீச்சர் எனக்குப் போன் எடுத்து, நிருஷாவைக் காணல்ல என்றா. நான் வலையை அப்படியே போட்டுவிட்டுத் தோணியைத் தள்ளினேன். கச்சான் காற்று முகத்தில் அடிக்கிறது, தோணி போகமாட்டேன் என்கிறது. அந்தக் கரையில் முதலை படுக்கும் என்று எனக்குத் தெரியும். போன வருசம் ஒரு கன்றுக்குட்டி போனது உனக்கும் சொன்னேன். அந்த அரை மணித்தியாலம் நான் வேறு ஒன்றும் நினைக்கவில்லை, கேதீஸ். வருகிற வெள்ளிக்கிழமை போனை எடுத்து உன்னிடம் என்ன சொல்லப் போகிறேன் என்பதைத்தான் நினைத்தேன்.

கரையேறிப் போனால் வளவு முழுக்க நிருஷா நிருஷா என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். கிணற்றைப் பார்த்தாயிற்றாம், வீதியையும் பார்த்தாயிற்றாம். அந்தச் சேரைக் கண்டதும் எனக்குக் கை ஓங்கிவிட்டது, மறைக்கமாட்டேன். என் பிள்ளையை எங்கே விட்டாய் என்று கேட்டேன். தாங்கிக்குப் பின்னால் ஒளியச் சொன்னேன் அண்ணா என்று அந்த மனுசன் தாங்கியைக் காட்டுகிறார். அந்த நேரம் நிருஷாவின் கூட்டாளிப் பிள்ளை ஒன்று விம்மி விம்மி அழ, அவர் குனிந்து, அழாத கண்ணா என்றார். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. என் மகளையும் கண்ணா என்றுதான் சொன்னீரா என்று கேட்டேன். ஓம் என்றார். பிறகு நான் அங்கே நிற்கவில்லை. தோணியில் ஏறிக் கரையோடு ஊன்றிக்கொண்டு போனேன்.

ஒரு வளைந்த கண்ணாக் கிளையில் இருந்தாள். செருப்பு இரண்டும் கையில், புத்தகப் பை முதுகில், முழங்கால் வரைக்கும் சேறு. என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்து, கத்தாதீங்க அப்பா, இன்னும் ரெண்டு விசில்தான் கேட்டது என்றாள். மூன்றாவது விசிலைக் கச்சான் கொண்டுபோய்விட்டது. இவ்வளவு நேரம் எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவளுக்கு நல்லாகவே கேட்டிருக்கிறது. ஏமாற்றுகிறார்கள் என்று இன்னும் உள்ளுக்கு நகர்ந்து இருந்திருக்கிறாள். நாற்பது பேரில் கடைசிவரைக்கும் பிடிபடாத ஆள் தான்தான் என்று அவளுக்குப் பெருமை. நான் அவளைத் தோணிக்குள் இறக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அதைக் கண்ட பிறகுதான் அவளுக்கு ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று விளங்கியது.

விளங்கியதும் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? அப்பா, அம்மாட்டச் சொல்லிப்போடாதீங்க, சொன்னா பயந்து வந்திருவா, மறுகா வீடு எப்பிடி முடியிற என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை, கேதீஸ். கால் நிறையச் சேறோடு இருந்துகொண்டு இதைக் கேட்கிறாள். மகள், ஆர் உனக்கு இதைச் சொன்ன என்றேன். நீங்கதானே என்றாள். ஓம், நான்தான். நீ போன நாளில் இருந்து அவள் அழும்போதெல்லாம், வீடு முடிய அம்மா வருவா என்று சொல்லிச் சொல்லித்தான் படுக்க வைத்தேன். பிள்ளையின் அழுகையை நிற்பாட்ட ஒரு சொல் வேண்டியிருந்தது, சொன்னேன். அவள் அதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறாள்.

அடுத்த நாள், தோணித் தண்ணீரில் நனைந்த பையைத் தட்டிக் கொப்பிகளை வெயிலில் காயப் போட்டேன். கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவள் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன். 'எங்கள் வீட்டுச் சுவர் 8. பூசிய சுவர் 2. பூசாத சுவர் 6. அம்மா போய் 2 வருடம். 2 வருடத்தில் 2 சுவர். ஆகவே 6 சுவருக்கு 6 வருடம். அப்போது எனக்கு வயது 15.' அதற்குக் கீழே அடிமட்டம் வைத்து நேராக இரண்டு கோடு. டீச்சர் கொடுத்த கணக்கு இல்லை இது, அவள் தானாகச் செய்தது. நான் எங்கே பிழை இருக்கிறது என்று கனநேரம் தேடினேன். ஒரு பிழையும் இல்லை.

அந்தச் சேரைப் பற்றிக் கோபப்படாதே. எனக்கும் இப்போது கோபம் இல்லை. திங்கட்கிழமை அவர் ஆட்டோ பிடித்து நம்முடைய வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றே மன்னிப்புக் கேட்டார். நான் உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, அக்காவைக் கொண்டு நண்டுக் குழம்பு வைத்துச் சோறு கொடுத்தேன். நிருஷா அவரிடம், சேர், இனி என்னைக் கண்ணா எண்டு கூப்பிடாதீங்க, தங்கம் எண்டு கூப்பிடுங்க, இஞ்ச தங்கம் எண்டு மரம் ஒண்டும் இல்ல என்றாள். அந்த மனுசன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

இனித்தான் நான் சொல்ல வந்தது. செவ்வாய்க்கிழமை வகுப்பில் கடிதம் எழுதும் பாடம். தூரத்தில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு எழுதச் சொல்லியிருக்கிறா டீச்சர். நேற்று நான் மகளைக் கூட்டிவரப் போனபோது ஸுஹைனா டீச்சர் படலையடியில் நின்று, என்ன நீங்க, வீடு முடிஞ்சிட்டு எண்டு ஒரு சொல்லும் சொல்லல்லியே, குடிபுகுறத்துக்காவது எங்களக் கூப்பிட்டிருக்கலாமே என்று குறைப்பட்டா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவ கொப்பியைத் திறந்து காட்டினா. 'அன்புள்ள அம்மா, எங்கள் வீடு முடிந்துவிட்டது. எட்டுச் சுவரும் பூசிவிட்டார்கள். இனி ஒரு வேலையும் இல்லை. ஆகவே நீங்கள் வரலாம்.' கீழே சிவப்பு மையில் மிக நன்று என்று போட்டிருந்தது.

நம்முடைய மகள் பொய் சொல்லமாட்டாள். உடைத்த கோப்பையைத் தானே கொண்டுவந்து காட்டுகிற பிள்ளை. அவள் எனக்குப் பின்னால் வந்து நின்று என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, நான் டீச்சரிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்தாள். நான் பார்த்தேன். ஓம் டீச்சர், முடிஞ்சிட்டு என்றேன்.

வீட்டுக்கு வரும்வரைக்கும் அவள் சைக்கிளின் முன்னுக்கு இருந்துகொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்தாள். சாப்பிட்ட பிறகு கொப்பியில் இருந்து அந்தத் தாளை மெதுவாகக் கிழித்து, இதையும் அம்மாக்கு அனுப்புங்க என்று தந்தாள். இதோடு வைத்திருக்கிறேன்.

நீ அங்கே படுகிற பாடு வீணாகப் போகிறதே என்று நினைப்பாய். வீணாகவில்லை. கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, கிணறு இருக்கிறது, எல்லாம் நீ தந்தது. பூசாத சுவரால் மழை உள்ளே வராது, நான் இரண்டு மாரி பார்த்துவிட்டேன். இறால் பட்டால் ஒரு சுவர் பூசுவோம், படாவிட்டால் கல்லைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம். உன் விருப்பம் என்று நான் சொன்னதை மறந்துவிடு. நீ இல்லாமல் எனக்கும் இருக்க ஏலாது, கேதீஸ். இதைப் போனில் ஒருநாளும் சொல்லமாட்டேன், இங்கே எழுதிவிட்டேன்.

முதலாந் திகதி அந்தக் கடுதாசியில் கையெழுத்து வைக்காதே. பிள்ளை எழுதிவிட்டாள், டீச்சர் நன்று போட்டுவிட்டா, நான் ஓம் சொல்லிவிட்டேன். வீடு முடிந்துவிட்டது. நீ வா.

உன்னைப் பிள்ளையார் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
உதயரூபன்