குடைப் பாட்டின் வேகம்

உங்கள் பாட்டை நான் மாற்றவில்லை. மாற்றியது நான்தான் என்று ரொறொன்ரோவிலும் சூரிச்சிலும் இலண்டனிலும் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது இங்கே குருநகரிலும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பூசை முடிந்து நான் வெளியே வரும்போது கதைப்பதை நிறுத்திவிட்டு என் சேலைக் கரையைப் பார்க்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்று விளக்கம் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆகையால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இசைத்தட்டு மேசையில் கிடக்கிறது. உறையைப் பிரித்தபோது எழுந்த புதுப் பிளாஸ்ரிக் மணம் இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. கனடாவில் இருந்து ஞானம் அனுப்பியது. மட்டையில் உங்கள் இசைக்குழுவில் மிஞ்சிய மூன்று கிழவர்களும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பனிக்குள் நிற்கிறார்கள். நடுவில் உங்களுக்காக ஓர் இடம் விட்டு, அந்த இடத்தில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டேன். ஒன்பது புதுப் பாட்டுகள். ஞானத்தின் கிற்றார் இன்னமும் நன்றாகத்தான் இருக்கிறது. விரல்கள் மட்டும் அங்கங்கே யோசிக்கின்றன. பத்தாவதாக உங்கள் குடைப் பாட்டு. அது சரியான வேகத்தில் இருந்தது. இத்தனை வருடங்களுக்குப் பிறகு அதைச் சரியாகக் கேட்டு, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு நாள்தான் கிடைத்தது.

மறுநாள் என் தங்கையின் மகள் றெஜினா கைபேசியோடு வந்தாள். ரசிகர்கள் இணையத்தில் எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டலாமா வேண்டாமா என்று வாசலிலேயே யோசித்துக்கொண்டு நின்றாள்.

"வாசி," என்றேன்.

"பெரியம்மா, நீங்கள் கோவிக்கக்கூடாது."

"கோவிக்கிறதோ இல்லையோ எண்டு கேட்டாப் பிறகுதானே தெரியும்."

வாசித்தாள். "முப்பது வருசமா நாங்கள் அழுத பாட்டைக் கலியாண வீட்டுப் பாட்டாக்கிப் போட்டாங்கள்" என்று ஒருவர். "அண்ணையின்ரை ஆன்மா சாந்தியடையாது" என்று இன்னொருவர். குண்டுமழைக்குள் பிள்ளையைத் தேடிக் குடையோடு நின்ற தாயின் பாட்டு இது என்று ஒருவர் பந்தி பந்தியாக விளக்கம் எழுதியிருந்தார். ஆயிரம் பேர் அதற்கு ஆமாம் போட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு பெண் எழுதியிருந்ததை றெஜினா விழுங்கப் பார்த்தாள். நான் விடவில்லை. "எல்லாம் அந்த மனுசியின்ரை வேலை. கொன்வென்ற் கிழவி. போரின்ரை வலி உவைக்கு எங்கை விளங்கும்?"

கிழவி என்பது சரி. கொன்வென்ற் என்பதும் சரி. போரின் வலியை எனக்குச் சொல்லித்தர வந்தவள், அவள் எழுதியிருப்பதைப் பார்த்தால், நான்கு வயதில் விமானம் ஏறியவள். நான் இந்த மண்ணை விட்டு ஒரு மாதம் சேர்ந்தாற்போல வெளியே இருந்ததில்லை, இடம்பெயர்ந்து கூரையில்லாத பள்ளிக்கூடத்தில் கிடந்த காலம் நீங்கலாக. அங்கேயும் உங்களோடுதான் கிடந்தேன். உங்களுக்குத் தெரியும்.

இவர்களுக்குத் தெரியாததையும் நீங்கள் அறிவீர்கள். நான் கொன்வென்றில் படித்து முடித்து, அங்கேயே படிப்பிக்கத் தொடங்கியிருந்த காலம். வெயிலோ மழையோ என் கையில் குடை இருக்கும். குடையோடு நடக்கிற பெண் அக்கம்பக்கம் பார்க்கத் தேவையில்லை என்பது எங்கள் மதர் சுப்பீரியரின் எண்ணம். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உங்கள் சித்தப்பா வலை வைக்கும் கொட்டில். அதற்குள் நீங்கள் நாலு பேரும் மயிரை வளர்த்துக்கொண்டு, மின்சாரக் கிற்றாரை மாட்டிக்கொண்டு, ஊரின் காதைச் செவிடாக்கிக்கொண்டிருந்தீர்கள். மீன் மணக்கிற ஒலிபெருக்கிப் பெட்டியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கோயில் பெருநாளன்று மேடையில் நீங்கள் அந்தப் பாட்டை முதன்முதலாகப் பாடினீர்கள். "குடைக்காரி, குடைக்காரி, மழை எங்கே, காட்டு." வானத்தில் ஒரு மேகம் இல்லை. சனம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. என் மடியில் குடை. அப்பா பக்கத்தில் இருந்து வேட்டித் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். நான் அழுதுகொண்டு ஓடுவேன் என்று உங்கள் கூட்டாளிகள் பந்தயம் கட்டியிருந்தார்களாம். நான் பாட்டு முடியும்வரை இருந்து கேட்டேன். பிறகு எழுந்து மேடைக்குப் பின்னால் வந்தேன்.

"பாட்டுப் பரவாயில்லை. இரண்டாவது அடியிலை எல்லாரும் தொய்ஞ்சு போறியள்."

நீங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நீங்களே வந்து தாளம் போடுங்கோ ரீச்சர்" என்றீர்கள். ஞானம் கிற்றாருக்குப் பின்னால் ஒளித்து நின்று சிரித்தான்.

அடுத்த சனிக்கிழமை தங்கையையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு நான் கொட்டில் வாசலில் வந்து நிற்பேன் என்று நீங்கள் எதிர்பார்க்கவில்லை. உள்ளே வந்து, குடை நுனியால் சீமெந்து நிலத்தில் தட்டினேன். நீங்கள் பிந்தினால் நிறுத்தி, திரும்பவும் முதலில் இருந்து. அந்த மாசி முழுக்க அப்படித்தான். குடை நுனியின் இரும்பு தேய்ந்துபோனதைக் கண்டு, "இதை எங்கை கொண்டுபோய்த் தேய்ச்சனி?" என்று அப்பா கேட்டார். பஸ் ஸ்ராண்டில் என்று சொன்னேன். அது என்னைப் பகிடி பண்ண நீங்கள் எழுதிய பாட்டு. சொற்கள் உங்களுடையவை. வேகம் என்னுடையது. நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்; கலியாணம் அதற்குப் பிறகு வந்தது.

அது எப்படி ஒப்பாரியானது என்பது ஞானத்துக்கு நன்றாகத் தெரியும். போர் நாட்கள். மின்சாரம் இல்லை, பற்றரி விற்கத் தடை. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் கேட்க வேண்டிய காலம். வெளிநாடு போகப் புறப்பட்ட ஞானம், முன்பு நாங்கள் ஒழுங்காகப் பதிவு செய்து வைத்திருந்த கசற்றுக்குப் பிரதி கேட்டு ஒரு பின்னேரம் வந்தான். பிரதி எடுக்கிற றெக்கோடருக்கு ஒளித்து வைத்திருந்த கடைசிப் பற்றரிகளைப் போட்டோம். பாட்டைப் போடுகிற றெக்கோடரை டைனமோவில் பூட்டினோம். பெடலைச் சுற்றியது ஞானம். முதல் பாட்டுக்கு நன்றாகச் சுற்றினான். குடைப் பாட்டு வரும்போது அவனுக்குக் கை ஓய்ந்துவிட்டது. சைக்கிள் சில்லு மெதுவாக, கசற்றும் மெதுவாக ஓடியது, பாட்டு இழுபட்டது, உங்கள் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோலத் தடித்துப்போனது.

"சுத்தடா, பாட்டு நித்திரை கொள்ளப்போகுது," என்றீர்கள்.

"கை கழலுதடா."

"உது பாட்டில்லை, மாட்டு வண்டில்," என்று நான் சொன்னேன்.

ஞானம் நிலத்தில் இருந்து சிரித்தான். சிரிக்கச் சிரிக்கச் சில்லு இன்னும் மெதுவானது. திரும்ப எடுக்கப் பற்றரி காணாது. பிறகு சரியான பிரதி அனுப்புகிறேன் என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தீர்கள். அந்தப் பிறகு வரவில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலையே இல்லை. கசற் எங்கே இருக்கப்போகிறது? ஞானத்தின் கையில் இருந்த பிரதியில் இருந்து பிரதி, அதில் இருந்து இன்னொரு பிரதி என்று போய், உலகம் முழுக்க உள்ள எங்கள் பிள்ளைகள் அந்தக் கை ஓய்ந்த பாட்டைக் கேட்டு வளர்ந்தார்கள்.

போன வருடம் ஞானம் தொலைபேசியில், "ரீச்சர், பழைய வேகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டான். தொலைபேசியை மேசையில் வைத்து, பக்கத்தில் தட்டிக் காட்டினேன். அவன் கேட்டான், நான் கொடுத்தேன். இவ்வளவுதான் நான் செய்த குற்றம். ரசிகர்கள் கொதித்தவுடன், இசைத்தட்டு என் கைக்கு வருமுன்னரே, அதே ஞானம் இணையத்தில் நேரலையில் வந்து, "ரீச்சர் சொன்னவ, நாங்கள் செய்தனாங்கள். உங்கடை மனம் நொந்திருந்தால் மன்னியுங்கோ" என்று கைகூப்பினான். வேகமான பாட்டை இசைத்தட்டில் இருந்து எடுத்துவிடுவார்களாம். உங்கள் நினைவு நாளன்று மெதுவான பாட்டு அந்த இடத்தில் வருமாம். அதற்கு ஒரு காணொளியும் உண்டாம். நான் குருநகர்க் கடற்கரையில் குடையோடு நின்று கடலைப் பார்ப்பதை றெஜினா கைபேசியில் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அவளிடம் நான் சொன்ன பதிலை இங்கே எழுதமாட்டேன்.

போன ஞாயிறு உங்கள் கல்லறையைப் பார்க்கச் சேமக்காலைக்கு வந்தேன். உங்கள் சிலுவையில் மூன்று குடைகள் தொங்கின, மூன்றும் விரித்தபடி. ஒன்று காற்றில் உங்கள் பெயரை மறைத்துக்கொண்டு ஆடியது. கழற்றி மடக்கத் தொடங்கினேன். பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தயங்கி நின்றார். சூரிச்சில் இருந்து வந்தவராம்.

"அன்ரி, அது நாங்கள் மரியாதைக்குக் கட்டினது."

"மரியாதையெண்டால் பூ வையுங்கோ தம்பி. இவருக்கு மழைக்குப் பயமில்லை."

"அந்தப் பாட்டாலைதான் அன்ரி. போரைப் பற்றின பாட்டெல்லோ."

"அது என்ரை குடையைப் பற்றின பாட்டு."

அவர் தன் கதையைச் சொன்னார். அகதி முகாமில் முதல் குளிர்காலத்தில் தமையன் செத்த செய்தி வந்ததாம். வீட்டுக்குப் போக வழியில்லை. கூட இருந்தவனிடம் அந்தக் கசற் இருந்ததாம். "அண்டைக்கு முழுக்க அதைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டனான். அழ வேற இடம் இருக்கேல்லை." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, உங்கள் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்து தேத்தண்ணி கொடுத்தேன். சில்லுச் சுற்றிய கதையைச் சொன்னேன். மேசையில் தாளம் போட்டு, இந்த எழுபத்தெட்டு வயதுக் குரலில் முடிந்தளவு பாடியும் காட்டினேன். "மழை எங்கே, காட்டு" வந்தபோது அவர் சிரித்துவிட்டார். அந்த இடத்தில் எல்லோரும் சிரிக்க வேண்டும் என்றுதானே நீங்கள் எழுதினீர்கள். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"நல்ல பாட்டு அன்ரி. ஆனா இது எங்கடை பாட்டில்லை."

மூன்று குடைகளையும் அவரிடமே கொடுத்து அனுப்பினேன்.

அந்த மனிதரில் எனக்குக் கோபமில்லை. கோபம் முதலில் ஞானத்தில். பிறகு உங்களில். ஓம், உங்களில்தான். நீங்கள் உயிரோடு இருந்தபோதே நோர்வேயில் இருந்து யாரோ தொலைபேசியில் அந்தப் பாட்டைச் சொல்லிச் சொல்லி அழுதார். நீங்கள் "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தீர்கள். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன்.

"விடும் காணும்," என்றீர்கள். "அழுறவைக்கும் ஒரு பாட்டு வேணும்தானே."

உங்களுக்கு விடுவது சுலபமாக இருந்தது. எப்போதும் அப்படித்தான். நீங்கள் விட்டதைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இன்றைக்கு ஒரு பிள்ளை என்னைப் பார்த்துப் போரின் வலி தெரியாதவள் என்று எழுதியிருக்கமாட்டாள். நான் குடை நுனியால் தட்டிய தட்டெல்லாம் ஏதோ ஒரு கிழவியின் பிடிவாதமாகப் போயிருக்காது. உங்களோடு நாற்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் உங்களை அழுமூஞ்சியாக்க விடமாட்டாள். நீங்கள் வாழ்நாளில் ஒரு சோகப் பாட்டும் எழுதவில்லை. எழுதத் தெரியாது உங்களுக்கு.

ஆனாலும் சூரிச்சில் இருந்து வந்தவரின் முகம் மனதை விட்டுப் போகிறதில்லை. ஒரு வாரம் யோசித்தேன். மெதுவான பாட்டை வெளியிட வேண்டாம் என்று நான் இனிச் சொல்லமாட்டேன். அது அவர்களிடமே இருக்கட்டும். அதற்குள் அழுதவர்கள் உண்மையாகவே அழுதவர்கள். ஆனால் என் பாட்டை எடுத்துவிட்டு அதைப் போட நான் சம்மதிக்கமாட்டேன். அந்த வேகம் இப்போது என் கையில் மட்டும்தான் இருக்கிறது. அரிசி களைந்தாலும் செபமாலை உருட்டினாலும் விரல் அந்தத் தாளத்துக்குத்தான் போகிறது. நான் போனால் அது இந்த இசைத்தட்டில் மட்டும் மிஞ்சும். அதையும் எடுத்துவிட்டால், குடையோடு பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தியைக் கண்டு நீங்கள் சிரித்தீர்கள் என்பதற்கு உலகத்தில் ஒன்றும் இருக்காது.

உங்களிடம் பதில் கேட்க முடியாது. ஆகையால் இதன் பிரதியை ஸ்கார்பரோவுக்கு அனுப்புகிறேன்.

ஞானம், நீர் இதை முழுவதும் வாசித்திருப்பீர் என்று நம்புகிறேன். இரண்டு பாட்டும் இருக்க வேண்டும். மெதுவான பாட்டு ஏன் மெதுவானது என்பதை, சில்லைச் சுற்றியவர் நீர் என்பதையும் சேர்த்து, நேரலையில் என் பெயரைச் சொன்ன அதே வாயால் ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டும். செய்வீரா, மாட்டீரா? தொலைபேசி எடுக்க வேண்டாம், றெஜினாவுக்குக் குரல் செய்தியும் அனுப்ப வேண்டாம். உமது பதிலைக் கடதாசியில் எழுதி, கையொப்பம் வைத்து, தபாலில் எனக்கு அனுப்பவும்.